செஞ்சிக் களஞ்சியமும் அறுபத்து நான்காம் கட்டமும்



விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டையைக் கண்டு வந்தவர்களிடம் கேட்டால், இராஜகிரியின் உயரத்தையும் கல்யாண மகாலின் அடுக்குகளையும் சொல்வார்கள். நம்மவர்களாயின், 1717-18ஆம் ஆண்டில் எழுந்த சஅதத்துல்லாஹ் கான் பள்ளிவாசலையும் தவறாது குறிப்பிடுவார்கள். 2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, அவற்றுள் தமிழ்நாட்டுக்கு உரியதாக இடம்பெற்ற ஒரே கோட்டை இதுதான் என்பதும் பலருக்கும் தெரிந்த செய்தி.

ஆனால் கோட்டைக்குள் இருக்கும் நெற்களஞ்சியத்தை நின்று பார்ப்பவர் சிலரே. கனத்த சுவரும் வளைந்த கூரையும் கொண்ட அக்கட்டடத்தில் சிற்பமில்லை, சித்திரமில்லை. எனினும், அந்தக் கோட்டையின் உயிர் அங்கேதான் இருந்தது எனலாம். ஒளரங்கசீப்பின் தளபதி ஸுல்பிகார் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை அவர் கைக்கு வந்தது 1698இல். அத்தனை ஆண்டுகள் உள்ளே இருந்தவர்கள் தாக்குப்பிடித்தது மதிலால் மட்டுமா? மதில் பகைவரைத் தடுக்கும், பசியைத் தடுக்காது. ஆகவேதான் மலையடிவாரத்திலும் மலையுச்சியிலும் களஞ்சியங்களைக் கட்டி வைத்தார்கள். இன்றும் செஞ்சி நெல்லுக்குப் பேர்போன ஊர்தான். அறுவடைக் காலத்தில் அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டைகள் மலையெனக் குவிவதைக் காணலாம்.

இந்தக் களஞ்சியத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஓர் எண்ணை இம்மாதம் அளந்து பார்க்கப் போகிறோம். எண் இதுதான்:

1,84,46,74,40,73,70,95,51,615.

இருபது இலக்கங்கள். வாயால் சொல்ல வேண்டுமானால், ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி என்று தொடங்கி, மீதியைப் பிறகு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த எண் பிறந்த கதை உங்களுக்குத் தெரிந்ததே. சதுரங்க விளையாட்டைக் கண்டுபிடித்த ஓர் இந்திய ஞானியிடம், "என்ன வேண்டும், கேள்" என்கிறார் அரசர். "முதற் கட்டத்துக்கு ஒரு தானியமணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு, இப்படியே ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டித்து அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் தந்தால் போதும்" என்கிறார் ஞானி. "இவ்வளவு அற்பமாகவா கேட்பது!" என்று சினந்த அரசர், பிறகு அரண்மனைக் கணக்கர்கள் வந்து சொன்னதைக் கேட்டுத் திகைக்கிறார். அரசாங்கம் முழுவதையும் கொடுத்தாலும் கணக்குத் தீராது.

நாம் பாட்டி கதையாகக் கேட்ட இதனை நூலில் எழுதிப் பாதுகாத்தவர்கள் பெரும்பாலும் அரபு மொழி அறிஞர்களே. சதுரங்கம் பாரசீகத்தில் சத்ரங் ஆகி, அரபியில் ஷத்ரஞ்ச் என்று பெயர் பெற்றுப் பயணம் செய்தபோது, கதையும் உடன் சென்றது. (அது மீண்டு வந்த அழகை, 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடின்போது நாம் கண்டோம்.) அவ்வறிஞர்களுள் இருவரை இங்கே சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

ஒருவர் டமாஸ்கஸ் நகரின் காழியாக இருந்த இப்னு கல்லிகான் (ரஹ்). ஹிஜ்ரி 608 முதல் 681 வரை (கி.பி. 1211 - 1282) வாழ்ந்தவர். சான்றோர் வரலாறுகளைத் தொகுத்துப் புகழ்பெற்றவர். அப்பாஸிய கலீஃபாக்களின் அவையில் சதுரங்கத்தில் வல்லவராக விளங்கிய அபூபக்ர் அஸ்ஸூலியைப் பற்றி எழுதும்போது, 'இவரே சதுரங்கத்தைக் கண்டுபிடித்தார் என்று மக்கள் நினைப்பது பிழை. கண்டவர் தாஹிரின் மகன் ஸிஸ்ஸா' என்று திருத்திவிட்டு, இந்தக் கதையைச் சொல்கிறார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அவர் கதையைக் கேட்ட மாத்திரத்தில் நம்பிவிடவில்லை என்பதுதான். அத்தனை பெரிய தொகை வருமா என்ற ஐயம் அவருக்கு இருந்தது. பின்னர் அலெக்ஸாந்திரியாவில் கணக்கர் ஒருவரைச் சந்தித்தார். அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுக் காட்டினார். பதினாறாம் கட்டம் வரை மணிகளாகவே எண்ணினார், 32,768 வந்தது. அதனை ஒரு சிறுபடி கோதுமை என்று வைத்துக்கொண்டு, மேலே படிகளாக எண்ணினார். இருபதாம் கட்டத்தில் பெரிய முகத்தலளவைக்கு மாறினார். நாற்பதாம் கட்டத்துக்கு வந்தபோது, 'இது ஒரு களஞ்சியம் கொள்ளும் அளவு' என்று வைத்தார். ஐம்பதாம் கட்டத்தில் 1,024 களஞ்சியங்கள் ஆயின. 'இத்தனை களஞ்சியங்கள் உள்ள ஊரை ஒரு நகரம் என்று கொள்வோம்' என்றார். அறுபத்து நான்காம் கட்டத்துக்கு 16,384 நகரங்கள் தேவைப்பட்டன. உலகில் அத்தனை நகரங்கள் இல்லையே என்று முடித்தார். காழியின் ஐயம் தீர்ந்தது.

அலெக்ஸாந்திரியாக் கணக்கர் செய்ததையே நாம் செஞ்சியில் செய்து பார்ப்போமா? கோதுமைக்குப் பதில் நெல்.

ஆயிரம் நெல்மணிகள் சுமார் 20 கிராம் நிறுக்கும் என்று கொள்வோம். (ரகத்துக்கு ரகம் இது மாறும், சன்ன ரகமானால் குறையும்.) அப்படியானால் ஒரு கிலோவில் 50,000 மணிகள். 75 கிலோ மூட்டை ஒன்றில் முப்பத்தேழரை லட்சம் மணிகள். முதல் பத்துக் கட்டங்களின் நெல்லையும் சேர்த்தால் 1,023 மணிகள்; அது ஒரு பிடிக்கும் காணாது. பதினாறு கட்டங்கள் முடியும்போதும் மொத்தம் ஒன்றேகால் கிலோவைச் சற்றே தாண்டியிருக்கும். அரசர் ஏன் நகைத்தார் என்பது இப்போது புரிகிறதல்லவா? பலகையில் கால் பங்கு முடிந்த பின்னும், ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சோற்றுக்கே அது போதாது.

இருபத்து மூன்றாம் கட்டத்துக்கு ஒரு மூட்டைக்கு மேல் வேண்டும். முப்பத்திரண்டாம் கட்டத்தில், அதாவது பலகையின் சரிபாதியில், மொத்தம் சுமார் 1,145 மூட்டைகள் ஆகிவிடும். எடை 86 டன். ஒன்பது லாரிகள் வேண்டும். இதுவும் செஞ்சி விற்பனைக்கூடத்துக்குப் பெரிய விஷயமல்ல.

இனி, ஒரு பேச்சுக்காக, கோட்டைக் களஞ்சியம் பத்தாயிரம் மூட்டை கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்து கட்டங்களின் நெல்லும் அதில் அடங்கிவிடும். முப்பத்தாறாம் கட்டத்துக்கு மட்டும் அதேபோன்ற இன்னொரு களஞ்சியம் தேவை. முப்பத்தேழாவதற்கு இரண்டு, முப்பத்தெட்டாவதற்கு நான்கு. இப்படியே போய், கடைசிக் கட்டத்துக்கு மட்டும் எத்தனை தெரியுமா? 26,84,35,456 களஞ்சியங்கள்! இருபத்தாறு கோடிக்கும் அதிகமான செஞ்சிக் கோட்டைகளுக்கு எங்கே போவது?

மொத்த எடையைப் பார்த்தால், சுமார் 36,900 கோடி டன். இன்று உலக நாடுகள் அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்கு விளைவிப்பது ஏறக்குறைய 80 கோடி டன் நெல். அதே அளவு ஆண்டுதோறும் விளைந்தாலும் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். செஞ்சியை நாயக்கர்கள் ஆண்ட காலத்தில் அளக்கத் தொடங்கியிருந்தால், இப்போதுதான் முடியும் தறுவாயில் இருப்போம்.

இவ்வளவு பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் கணக்குப் போட வேண்டும் என்று மலைக்காதீர்கள். நான் சொல்ல வந்த இரண்டாமவர் இங்கேதான் வருகிறார். அபூ ரைஹான் அல்பிரூனி, கி.பி. 973இல் குவாரஸ்மில் பிறந்தவர். பிற்காலத்தில் இந்தியாவைப் பற்றி அரிய நூலொன்று எழுதியவர் என்ற அளவில் அவரை நாம் அறிவோம். அதற்கு முன்பே, ஹிஜ்ரி 390 அளவில், பல்வேறு சமூகத்தாரின் காலக்கணக்குகளை ஆராய்ந்து அவர் எழுதிய நூலில் இந்தச் சதுரங்கக் கணக்கு இருக்கிறது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. அறுபத்து மூன்று முறை இரட்டித்து, பிறகு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டிருக்க அவர் விரும்பவில்லை. இரண்டு விதிகளைச் சொன்னார்.

முதல் விதி: ஒரு கட்டத்திலுள்ள எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். முதற் கட்டத்திலிருந்து எத்தனை கட்டம் நகர்ந்து அங்கே வந்தீர்களோ, அத்தனை கட்டம் மேலும் நகர்ந்தால் வரும் இடத்தின் எண் கிடைத்துவிடும். மூன்றாம் கட்டத்தில் 4. நான்கை நான்கால் பெருக்கினால் 16. அது ஐந்தாம் கட்டத்தின் எண். பதினாறைப் பதினாறால் பெருக்கினால் 256. அது ஒன்பதாம் கட்டம். அடுத்த பெருக்கலில் 65,536. அது பதினேழாம் கட்டம். அதற்கடுத்து 4,29,49,67,296, அது முப்பத்து மூன்றாம் கட்டம். இன்னும் ஒரே ஒரு பெருக்கல். அறுபத்தைந்தாம் கட்டத்துக்கு வந்துவிட்டோம். ஆக, ஐந்தே பெருக்கல்கள்!

பலகையில் அறுபத்தைந்தாம் கட்டம் ஏது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இரண்டாம் விதி: எந்தக் கட்டத்தின் எண்ணிலிருந்தும் ஒன்றைக் கழித்தால், அதற்கு முந்திய கட்டங்கள் அனைத்தின் கூட்டுத்தொகை கிடைக்கும். 1, 2, 4 ஆகியவற்றைக் கூட்டினால் 7. அடுத்த கட்டம் 8. எட்டையும் கூட்டினால் 15; அடுத்தது 16. ஆகவே, இல்லாத அந்த அறுபத்தைந்தாம் கட்டத்தின் எண்ணைக் கண்டு, அதில் ஒன்றைக் கழித்தால் முடிந்தது. இந்த இரண்டாம் விதியை மறந்துவிடாதீர்கள். இதனோடு நமக்கு வேறு வேலை இருக்கிறது.

அதற்கு முன், கணிதத்தில் ஆர்வமுள்ள நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகச் சில செய்திகள்.

இந்த எண்ணின் இருபது இலக்கங்களையும் கூட்டிப் பாருங்கள், 87 வரும். 87 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. எனவே நம் எண்ணும் மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. கடைசி இலக்கம் 5. ஆகவே ஐந்தாலும் வகுபடும். இன்னும் எவற்றால் வகுபடும்? பதினாறைப் பதினாறால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 255. இது பதினாறுக்கு ஒன்று குறைந்த 15ஐயும், ஒன்று கூடிய 17ஐயும் பெருக்கிய தொகை. எந்த எண்ணுக்கும் இது பொருந்தும். இந்த ஒரு சூத்திரத்தைத் திறவுகோலாகக் கொண்டு நம் எண்ணைப் படிப்படியாக உடைத்தால், 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 ஆகிய ஆறு எண்களின் பெருக்கமாக அது பிரிந்து நிற்கும்.

இவற்றுள் முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை ஃபெர்மா பதினேழாம் நூற்றாண்டில் நம்பினார். அது 641ஐயும் 67,00,417ஐயும் பெருக்கி வருவது என்று 1732இல் ஆய்லர் காட்டினார். கணிப்பான் கையில் இருந்தால் நீங்களும் பெருக்கிச் சரிபார்க்கலாம். ஆக, நம் எண்ணுக்குப் பகாக் காரணிகள் ஏழு, அனைத்தும் வெவ்வேறானவை. அதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 128. அந்த 128 பலகையில் எட்டாம் கட்டத்து எண் என்பதைக் கவனித்தீர்களா?

கணிப்பொறிகள் எண்களை ஒன்று, பூச்சியம் ஆகிய இரண்டே குறிகளால் எழுதும். அம்முறையில் எழுதினால் நம் எண் வரிசையாக அறுபத்து நான்கு ஒன்றுகளாக நிற்கும். இன்று நம் கைகளில் இருக்கும் பெரும்பாலான கைப்பேசிகள் எண்களை அறுபத்து நான்கு இடங்கள் கொண்டே கையாள்கின்றன. அவ்வளவு இடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுவே. இணையத்தை முதலில் வடிவமைத்தவர்கள் பலகையில் பாதியே போதும் என்று எண்ணி, 429 கோடிச் சொச்சம் முகவரிகளுக்கு மட்டும் இடம் வைத்தார்கள். 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலகப் பொதுத் தொகுப்பிலிருந்த முகவரிகள் தீர்ந்துபோயின.

சரி, இரண்டாம் விதிக்கு வருவோம். இது நம் வீட்டு வாசலுக்கே வந்து கதவைத் தட்டும் விதி.

தூரத்துச் சொந்தக்காரப் பிள்ளை ஒருவன் வருகிறான். ஸலாம் சொல்லி அமர்கிறான். தேநீர் அருந்தி முடித்ததும் பையிலிருந்து அழகிய தாள் ஒன்றை எடுக்கிறான். "மாமி, ஐயாயிரம் ரூபாய் கட்டிச் சேர்ந்துகொள்ளுங்கள். நீங்கள் இரண்டே பேரைச் சேர்த்துவிட்டால் போதும். அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்ப்பார்கள். பிறகு பணம் தானாக வரும்" என்கிறான். தாளில் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று வட்டங்கள் வரைந்திருக்கின்றன. இந்தத் தாளை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றவில்லையா? அது ஸிஸ்ஸாவின் சதுரங்கப் பலகைதான். நெல்மணிக்குப் பதில் மனிதர்கள் நிற்கிறார்கள்.

இரண்டு பேர்தானே என்பது, ஒரு மணி நெல்தானே என்பது போன்றது. இருபத்தேழு வரிசைகள் நிரம்ப 13,42,17,727 பேர் வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். தொட்டில் குழந்தை வரை சேர்த்தாலும் போதாது. முப்பத்து மூன்று வரிசைகளுக்கு உலக மக்கள் அனைவரும் சேர்ந்தாலும் போதாது.

"அத்தனை தூரம் யார் போகப் போகிறார்கள், மாமி? நாம் ஆரம்பத்திலேயே சேர்ந்துவிட்டோம்" என்று அந்தப் பிள்ளை சொல்லக்கூடும். இங்கேதான் அல்பிரூனியின் விதியைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் எண்ணும் அதற்கு முந்திய எல்லாக் கட்டங்களின் கூட்டுத்தொகையை விட ஒன்று அதிகம். இதனை மனிதர்களுக்குப் பொருத்துங்கள். நிரம்பிய கடைசி வரிசையில் நிற்பவர்கள், அதற்கு முன் சேர்ந்த அத்தனை பேரையும் விட ஒருவர் அதிகம். திட்டம் பத்தாம் வரிசையில் நின்றுபோனாலும் சரி, இருபதாம் வரிசையில் நின்றுபோனாலும் சரி, கட்டியவர்களுள் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமக்குக் கீழே ஒருவரும் இல்லாமல் நிற்பார்கள். அவர்கள் கட்டிய பணம்தான் மேலே இருப்பவர்களின் வருமானம். நடத்துபவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. அவர் இறையச்சம் மிக்கவராகவே இருந்தாலும், பதினைந்தைப் பதினாறாக்க அவரால் இயலாது.

இத்தகைய பணச் சுழற்சித் திட்டங்களை இந்திய நாடாளுமன்றம் 1978ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றித் தடைசெய்துவிட்டது. ஆயினும் பெயரை மாற்றி, பொருளை மாற்றி, இப்போது கைப்பேசி வழியாகவும் அவை வந்துகொண்டுதான் இருக்கின்றன. குறிப்பாக, வெளிநாட்டில் உழைக்கும் கணவரோ மகனோ அனுப்பும் பணத்தைச் சேமித்து வைத்திருக்கும் பெண்களைத் தேடி வருகின்றன. வருபவர் உறவினராக இருப்பதால் மறுக்கவும் மனம் வருவதில்லை. பணம் போன பிறகு உறவும் சேர்ந்து போய்விடுகிறது. சேர்த்துவிட்ட இரண்டு பேருக்கு முகம் கொடுக்க முடியாமல் திருமண வீடுகளுக்கே போகாமல் ஒதுங்கிவிட்ட பெண்களை நான் அறிவேன். இழந்த ஐயாயிரத்தை விட அந்த ஒதுக்கம்தான் அவர்களுக்குப் பாரமாக இருந்தது.

கடனுக்கும் இதே கணக்குத்தான். வட்டி கூடாது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. ஆனால் அவசரத்துக்கு எங்கோ வாங்கிவிட்டு விழிப்பவர்கள் நம்மிடையே இல்லையென்று சொல்ல முடியுமா? நூற்றுக்குப் பத்து ரூபாய் மாத வட்டியில், கட்டாத வட்டியும் முதலோடு சேர்ந்துகொண்டே போனால், எட்டு மாதத்துக்குள் கடன் இரட்டித்துவிடும். பத்தாயிரம் ரூபாய் இரண்டே ஆண்டில் தொண்ணூற்றெட்டாயிரத்தைத் தாண்டும். முதல் சில மாதங்களில் அது பெரிதாகத் தெரியாது. பதினாறு கட்டங்கள் முடிந்தும் ஒன்றேகால் கிலோ நெல்தானே இருந்தது! மிகுவட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் இருக்கிறது. அச்சுறுத்தப்படுபவர்கள் காவல் நிலையத்தில் முறையிடலாம்.

அடுத்த முறை அந்தத் தாளோடு யாரேனும் வந்தால், கோபித்துக்கொள்ள வேண்டாம். தேநீர் கொடுங்கள். பிறகு அவர் வரைந்த வட்டங்களுக்குக் கீழே இன்னும் நான்கு வரிசைகளை அவர் கையாலேயே வரையச் சொல்லுங்கள். தாளில் இடம் போதாமல் அவர் பக்கத்தைத் திருப்பும்போது, கடைசி வரிசையில் நிற்பவர்களின் பெயர்களைக் கேளுங்கள்.